ஆர்டரில் எழுதப்படும் அறம்

ஆடை விற்கும் ஒரு நிறுவனம் இயற்கைக்கும் மனிதருக்கும் கெடுதல் செய்யாமல் நடக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், வரும் பதில்கள் எல்லாம் துணியைச் சுற்றியே இருக்கும். இயற்கைப் பருத்தி வாங்குங்கள், கைத்தறிக்கு மாறுங்கள், ரசாயனச் சாயத்தை விடுங்கள், பிளாஸ்டிக் கவரை நிறுத்துங்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டும் ஒரு நிறுவனம் ஆளை வாட்டி வதைக்க முடியும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பிராண்டின் நேர்மையை அது என்ன துணி வாங்குகிறது என்பதை வைத்து அளக்க முடியாது; எந்த நிபந்தனையில் வாங்குகிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். விலை என்ன, எத்தனை நாள் கெடு, பணம் எப்போது வரும், ஆர்டர் ரத்தானால் நஷ்டம் யார் தலையில் விழும்? இந்த நாலு கேள்விக்கும் பதில் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். இவை கோணலாக இருந்தால், எவ்வளவு சுத்தமான பருத்தியும் அதைச் சரிக்கட்டாது.

இரும்பையில் நின்று யோசித்தால் இது நன்றாகவே விளங்கும். வானூர் வட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலால் பலரும் அறிந்தது. பக்கத்திலேயே 1968இல் தொடங்கிய ஆரோவில். அங்கே இருக்கும் தையல் கூடங்களுக்கும் சாயக் கூடங்களுக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். வடக்கே திண்டிவனம் பக்கம் நீலச் சாயம் தரும் அவுரி இன்றும் விளைகிறது. விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. தெற்கே புதுச்சேரியில், ரோடியர் மில் என்று ஊரே சொல்லும் ஏஎஃப்டி ஆலை 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. வயல், சாயம், தறி, தையல், ஆலை, கடை எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகிற வட்டாரம் இது. ஒரு சட்டை யார் யார் கையைக் கடந்து வருகிறது என்பதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம்.

முதலில் அவுரியையே எடுத்துக்கொள்வோம். விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் தழையை அறுப்பார்கள். அறுத்ததை வாட விடாமல் அன்றைக்கே தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி மேலே கட்டைகளைப் போட்டு அழுத்தி, தண்ணீர் விடுவார்கள். ராத்திரி முழுக்க ஊறி நொதிக்கும். விடிந்ததும் மஞ்சளும் பச்சையுமான அந்தத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் இறங்கிக் காலால் உதைத்தும் துடுப்பால் அடித்தும் கலக்குவார்கள். காற்றுப் படப் பட நுரை பொங்கும், தண்ணீர் கருநீலமாக மாறும். படிய விட்டு, தெளிந்த நீரை வடித்து, அடியில் தங்கும் குழம்பைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, வில்லை வில்லையாக வெட்டிக் காயவைப்பார்கள். நூறு கிலோ பச்சைத் தழைக்கு ஒரு கிலோ நீலம் கிடைப்பதே அரிது. ஊறிய சக்கை வயலுக்கு எரு. அவுரி பயறு வகைச் செடி என்பதால் நிலத்தில் தழைச்சத்தையும் சேர்த்துவிட்டுப் போகும்.

அந்த நீலத்தைத் துணியில் ஏற்றுவது அடுத்த வேலை. நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க ஆலைகள் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகின்றன. தென்னாட்டின் பழைய வழக்கத்தில் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, தொட்டியை நொதிக்க விடுவார்கள். நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்துவிடும். 1993இல் ஆரோவிலில் தொடங்கப்பட்ட கலர்ஸ் ஆஃப் நேச்சர் சாயக் கூடம் இந்த நொதித்தல் முறையைத்தான் கையாண்டு வருகிறது. பொருள் என்ற அளவில் இதைவிடச் சுத்தமான நீலத்தைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

ஆனால் இதே அவுரியின் பழைய கணக்கைப் புரட்டிப் பாருங்கள். புதுச்சேரியில் இருந்து ‘கினே’ என்ற நீலத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரைப் பிசின் வியாபாரத்தில் அது பணமாகவே புழங்கியது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இந்தியத் துணிகளைக் கொடுத்து, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஐரோப்பிய வியாபாரிகள் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். கையால் நூற்ற நூல், கைத்தறி, செடியில் எடுத்த சாயம். இன்றைய எந்த அளவுகோலை வைத்தாலும் அந்தத் துணி தேறிவிடும். வடக்கே வங்காளத்தில் 1859இல் அவுரி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிகாரின் சம்பாரணில் தீன்கதியா என்ற முறை இருந்தது: நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் குத்தகைதாரர் அவுரி போட்டே ஆக வேண்டும், விலையைத் தோட்ட முதலாளி சொல்வார். 1917இல் காந்தி அங்கே போன பிறகு, 1918இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அவுரிச் செடி அன்றும் இயற்கையானதுதான், இன்றும் இயற்கையானதுதான். கொடுமை இருந்தது செடியில் அல்ல, ஒப்பந்தத்தில். இயற்கைச் சாயம் என்று சீட்டு ஒட்டியதும் மனது லேசாகிவிடுகிற நாம் எல்லோரும் இதை மறக்கக் கூடாது.

இனி திருப்பூருக்கு வருவோம். பருத்திக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அது நூலில் ஏற உப்பு வேண்டும்; அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமுக்கும் மேல் போகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. அது நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்கவில்லை என்றதும், 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் செத்ததற்குச் சாயப் பட்டறைக்காரர்களின் பேராசைதான் காரணம் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அங்கிருந்து டி-ஷர்ட் வாங்கிய உலக பிராண்டுகள் கொடுத்த விலையில், அந்த உப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரை மீட்கும் செலவுக்கு இடமே இருக்கவில்லை. செலவு காணாமல் போய்விடவில்லை. கரூர், ஈரோடு பக்கத்து விவசாயியின் கிணற்றில் அது பற்று எழுதப்பட்டது.

இன்று திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வடிகட்டிகளையும் ஆவியாக்கிகளையும் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகின்றன. இது நாடே கற்றுக்கொள்ள வேண்டிய சாதனை. ஆனால் அந்த ஆவியாக்கிக்கு மின்சாரமும் விறகும் வேண்டும். சாயக் கூலி ஏறத்தான் செய்யும். இதைப் பார்த்ததும் ஒரு பிராண்ட், சுத்திகரிப்பு இல்லாத வேறு ஊரில் சாயம் போட்டு வாங்கினால், இன்னொரு நொய்யலுக்கு அதுவே பணம் கட்டுகிறது. அந்த பிராண்டின் இணையதளத்தில் எத்தனை பச்சை இலைப் படம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, சான்றிதழ் இருக்கிறதே, தணிக்கை நடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் இருந்த சில தொழிற்சாலைகள் அதற்கு முன்பே தணிக்கையைக் கடந்தவை. 2020இல், இயற்கைப் பருத்தித் துணிகளுக்குத் தரம் வகுக்கும் உலக அமைப்பான காட்ஸ், இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு இயற்கைப் பருத்தியாக உலவியதைத் தானே கண்டுபிடித்து அறிவித்தது. சான்றிதழே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. போலியைப் பிடித்ததும் அதே அமைப்புதானே. ஆனால் தாளைப் பார்த்து வாங்குகிறவருக்கும் விளைவித்தவருக்கும் நடுவில் எந்த உறவும் இல்லை என்றால், தாளை மாற்றிவிடுவது ரொம்பச் சுலபம்.

தணிக்கையால் ஆகாததை ஒப்பந்தம் செய்திருக்கிறது. ராணா பிளாசாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்ட வங்கதேச உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்துவது. கையெழுத்திட்ட பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடிந்தது. நம் ஊரிலேயே இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு. திண்டுக்கல் அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அங்கே பெண்கள் பட்ட பாலியல் தொல்லைகள் அதன் பிறகு வெளியே வந்தன. பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஹெச் அண்ட் எம் கையெழுத்திட்டது. கேப், பிவிஹெச் நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிலாளர்களிலேயே பலர் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, அநேகமாக எல்லாமே தீர்க்கப்பட்டன. புகாரே வரவில்லை என்று பெருமை பேசும் தொழிற்சாலையை விட, இத்தனை புகார் துணிந்து சொல்லப்பட்டுத் தீர்க்கப்பட்ட தொழிற்சாலைதான் பாதுகாப்பானது. அந்தத் துணிச்சலைக் கொடுத்தது, ஆர்டரோடு கட்டப்பட்ட ஒரு நிபந்தனை.

ஆக, மாற விரும்பும் ஒரு பிராண்ட் கை வைக்க வேண்டிய முதல் காகிதம் விலைக் கணக்கு. அதில் நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வண்டி வாடகை என்று வரி வரியாக இருக்கும். கடைசியில், தைத்துத் தரும் யூனிட்காரரின் லாபம். பையர் “அஞ்சு ரூபாய் குறையுங்கள்” என்கிறபோது நூல் விலை குறையாது, மின்கட்டணம் குறையாது. குறைக்க முடிகிற வரிகள் இரண்டுதான்: தையல் கூலி, கழிவுநீர்ச் செலவு. பேரம் முடிந்த ராத்திரியே பீஸ் ரேட்டில் இருந்து சில பைசா கழன்றுவிடும். அதனால் கூலியையும் சுத்திகரிப்புச் செலவையும் தனியாகப் பிரித்து எழுதி, இந்த இரண்டிலும் பேரம் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே போட வேண்டும். மீதி வரிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

இரண்டாவது கெடு. சாம்பிளுக்கு ஒப்புதல் தர பிராண்ட் பத்து நாள் தாமதம் செய்யும். கப்பல் தேதியை மட்டும் நகர்த்தாது. அந்தப் பத்து நாளும் ராத்திரி ஷிப்டாக மாறித் தையல் மேசைக்கு வந்து சேரும். தாமதம் யாருடையதோ தேதி அவர் செலவில் தள்ளிப்போக வேண்டும். கைத்தறியும் நொதித்தல் தொட்டியும் என்றால் இது இன்னும் முக்கியம். மழை நாளில் துணி காயாது, தொட்டி நாம் சொல்லும் தேதிக்குத் தயாராகாது. அந்த வேகத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு இரண்டு முறை புதுத் துணி என்று திட்டமிட்டால் போதும். மாதத்துக்கு ஒரு வரவு வேண்டும் என்கிற பிராண்ட் இயற்கைச் சாயத்தின் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

மூன்றாவது பணம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது. ஆனாலும் மூன்று மாதம், நாலு மாதம் இழுத்தடிப்பது ஊரறிந்த பழக்கம். அந்த இடைவெளியில் யூனிட்காரர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறார். வட்டி மறுபடி கூலியில் இருந்துதான் வருகிறது. பாதிப் பணம் முன்பணமாக, மீதி சரக்கு வந்த பதினைந்து நாளில் என்று ஒரு சிறு பிராண்ட் நடந்துகொண்டால், எந்தச் சான்றிதழையும் விட அது பெரிய தர்மம். நான்காவது ரத்து. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கும் மேலான ஆர்டர்களை பிராண்டுகள் ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. வெட்டித் தைத்து முடித்த துணிகளும் அதில் உண்டு. துணி வெட்டப்பட்ட பிறகு ரத்து என்ற பேச்சே இல்லை என்று ஒரு வரி எழுதினால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியும்.

இப்படி நடக்க முயல்பவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். 1997இல் உமா பிரஜாபதி ஆரோவிலில் தொடங்கிய உபாசனா, மதுரைப் பக்கத்து இயற்கைப் பருத்தி விவசாயிகளோடு நேரடியாக வேலை செய்தது. அதே உபாசனாவின் முயற்சியில், 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் கிராமப் பெண்கள் மிச்சத் துணியில் செய்த சுனாமிகா பொம்மைகளை விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். நன்கொடையில் இருந்து அந்தப் பெண்களுக்கு வருமானம் வந்தது. எல்லா வியாபாரமும் நன்கொடையில் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் செய்பவருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பணத்துக்கு வழியைப் பிறகு தேடினார்கள் என்பது கவனிக்க வேண்டிய வரிசை. சென்னையில் இருந்து இயங்கும் துலா, மானாவாரியில் விளையும் நாட்டுப் பருத்தியை வாங்கி, கையால் நூற்று, கைத்தறியில் நெய்து, இயற்கைச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு கைக்கும் கட்டுப்படியாகும் விலை கொடுக்கிறது. இருவருக்கும் பொதுவானது, விளைவிக்கிறவரும் நெய்கிறவரும் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியும் என்பதே.

எதிர்வாதங்களைத் தள்ளிவிட முடியாது. முதலாவது, இதெல்லாம் பணக்காரர் துணி, சாதாரணக் குடும்பம் வாங்க முடியுமா? கைத்தறியும் அவுரியும் விலை கூடத்தான் செய்யும். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் கேட்கும் நாலு நிபந்தனைக்கும் கைத்தறி தேவையில்லை. கடையில் விற்கும் விலையில் தைத்தவருக்குப் போவது பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று தொழிலாளர் அமைப்புகள் காட்டிவருகின்றன. 500 ரூபாய் சட்டையில் அது 15 ரூபாய். அதை இரட்டிப்பாக்கினாலும் சட்டை 515 ரூபாய். தீபாவளிக்குத் துணி எடுக்கும் குடும்பத்தை அது முடக்கிவிடாது. விலை குறைந்த சட்டையும் நேர்மையான சட்டையாக இருக்க முடியும் என்பதுதான் இந்த வாதத்தின் பலமே.

இரண்டாவது, இயற்கைச் சாயம் உலகுக்கே போதுமா? போதாது. ஜீன்ஸ் துணிக்காக மட்டும் ஆண்டுக்கு 50,000 டன் போலச் செயற்கை நீலம் செலவாகிறது. அவ்வளவுக்கும் அவுரி போட்டால் சோற்றுக்கு நிலம் இருக்காது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் தென்னாற்காடு உட்பட நம் அவுரி வயல்கள் சுருங்கிப்போன வரலாற்றைத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவுரி அதன் அளவில் நல்ல விலையோடு வாழட்டும். ரசாயனச் சாயம் போடுகிறவர்கள் சுத்திகரிப்புச் செலவை முழுதாகக் கொடுக்கட்டும். மூன்றாவது, கட்டுப்பாடு கூடினால் வேலை போய்விடாதா? 2011இல் பட்டறைகள் மூடியபோது பாதிக்கப்பட்டவர்களில் சாயத் தொழிலாளர்களும் உண்டு. அந்த வலி உண்மையானது. ஆனால் அது கட்டுப்பாட்டால் வந்த வலி அல்ல. கொடுக்க வேண்டிய செலவை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டு, நீதிமன்றம் ஒரே நாளில் கேட்டதால் வந்தது. விலையில் ஆரம்பத்தில் இருந்தே சேர்த்திருந்தால் ஒரு பூட்டும் தொங்கியிருக்காது.

நான்காவது, இருநூறு சட்டை தைத்து வாங்கும் சின்ன பிராண்டுக்கு என்ன சக்தி இருக்கிறது? ஒரு யூனிட்டைத் திருத்தும் சக்தி இல்லைதான். ஆனால் ஒரே யூனிட்டோடு வருடக்கணக்கில் நிற்கவும், முன்பணம் கொடுக்கவும், சொன்ன தேதியில் தீர்க்கவும் யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆயிரம் கோடி பிராண்டுக்கு இல்லாத வசதி ஒன்று அதற்கு உண்டு: தைக்கிறவரை நேரில் போய்ப் பார்த்து, கையில் எவ்வளவு வந்தது, பிஎஃப் கட்டினார்களா என்று கேட்டுவிட முடியும். கடைசியாக, வாங்குகிற நாம்தான் மாற வேண்டும் என்கிறார்கள். கொஞ்சம் குறைவாக வாங்கி நிறைய நாள் உடுத்துவது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் சீட்டில் இருப்பதைத்தான் நாம் படிக்க முடியும், ஆர்டர் காகிதத்தை நமக்கு யாரும் காட்டுவதில்லை. பார்க்க விடாமல் வைத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் நம் மேல் போடுவது நியாயம் ஆகாது.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆதாரம் இல்லாமல் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆதாரத்தைத் தொழிலாளர் விஷயத்திலும் பிராண்டுகள் தாமாகவே முன்வந்து தரட்டும். யூனிட்டின் பெயர், தையல் கூலி, சாயக் கழிவு எங்கே போகிறது, எத்தனை நாளில் பணம் தருகிறார்கள், ரத்து விதி என்ன: இந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். இரும்பையைச் சுற்றி இயங்கும் சிறு பிராண்டுகள் இதை முதலில் செய்யலாம். அவர்களிடம் மறைக்க வேண்டியது குறைவு, சொல்லிப் பெருமைப்பட வேண்டியது அதிகம். அவர்கள் செய்துவிட்டால், எங்களால் முடியாது என்று பெரிய பிராண்டுகள் சொல்ல வாய் இருக்காது. அடுத்த முறை துணிக்கடையில் இது ஆர்கானிக் காட்டன் என்று சொன்னால், நல்லது என்று சொல்லிவிட்டு, தைத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிராண்டுக்கு நம் பணத்தைக் கொடுப்போம்.